பி.கே.பி. காலத்தில் எங்கள் லாயர் ஆபீஸ்

2020 மார்ச் 16 இரவு மலேசியப் பிரதமர் முகிதீன் யாசின் தொலைக்காட்சியில் கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். மலாய்ப் பெயரின் சுருக்கம்தான் பி.கே.பி. 18ஆம் தேதியிலிருந்து எந்தெந்தத் தொழில் நடக்கலாம் என்று ஒரு பட்டியல் வந்தது. மருத்துவமனை, வங்கி, எண்ணெய் நிலையம், மளிகைக் கடை, தபால் எல்லாம் அதில் இருந்தன. சட்ட அலுவலகம் இல்லை.

கோலாலம்பூரின் பெரிய நிறுவனங்களுக்கு அது பெரிய அடியாக இருந்திருக்காது. ஆளுக்கொரு மடிக்கணினி, கோப்புகள் எல்லாம் முன்பே ஸ்கேன் செய்யப்பட்டு சர்வரில் இருக்கும், வீட்டில் ஃபைபர் இணையம். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று நிறையப் பேசியாகிவிட்டது. நான் வேலை செய்வது பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். கடைவீட்டின் மேல்மாடி, இரண்டு வழக்கறிஞர்கள், என்னையும் சேர்த்துச் சில கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், சுவர் முழுக்க இரும்பு அலமாரி. இந்த மாதிரி ஆபீஸ்கள் அந்த இரண்டு வருடத்தை எப்படித் தாண்டின என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை என்றதும் தூரம் ஒழிந்தது என்று எல்லாரும் பேசினார்கள். எங்கள் ஊரில் அப்படி எதுவும் ஒழியவில்லை. ஆபீசுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாராவது ஒருவர் நடந்துதான் ஆக வேண்டியிருந்தது. அதை நாங்கள் நடப்பதா, அவர்களை நடக்க விடுவதா என்பதைத்தான் ஒவ்வொரு கோப்பிலும் முடிவு செய்தோம். ஒரு சட்ட நிறுவனம் நெருக்கடியை எப்படிக் கையாண்டது என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் உள்ள பட்டணம் இது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. எங்களிடம் வருகிறவர்கள் தோட்டத்தில் இன்னும் இருப்பவர்கள், தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் மலிவு விலை வீடு வாங்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அப்பா பெயரில் உள்ள வீட்டை மாற்ற வேண்டும், மோட்டார் சைக்கிள் விபத்துக்கு நஷ்டஈடு வேண்டும், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், புருஷன் அடிக்கிறான். இவைதான் எங்கள் கோப்புகள். இவற்றில் எதையும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ள முடியாது.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விதி இன்னும் இறுகியது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும், வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், சாப்பாட்டுச் சாமான் மருந்து வாங்கப் போகலாம். லாசா பக்கம் இருப்பவருக்கு எங்கள் பட்டணமே 10 கிலோமீட்டருக்கு வெளியே. லாயரைப் பார்க்கப் போகிறேன் என்றால் சாலைத் தடுப்பில் என்ன பதில் கிடைக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. போலீசோடு ராணுவமும் நின்றது. 1948 ஜூனில் இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்து ஊரடங்கைச் சிறுமியாகப் பார்த்த ஒரு பாட்டி எனக்குப் போன் செய்து, "ஏன் பிள்ளே, கம்முனிஸ்ட் காலத்துலகூட பகல்ல விடுவாங்களே" என்றார். அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வாரத்தில் எங்கள் மூத்த வழக்கறிஞர் செய்த வேலையை நான் இன்றும் மதிக்கிறேன். அவரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மிஸ் எங்களிடம் முதலில் கேட்டது கணினி இருக்கிறதா என்று இல்லை. "உங்க வீட்ல யார் யார் இருக்காங்க? தனியா உட்கார ஓர் இடம் இருக்கா? லைன் எப்படி?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகுதான் வேலையைப் பிரித்தார். எங்களில் ஒருத்தி பழைய தோட்டம் ஒன்றில் இருக்கிறாள். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தோட்டத்துக் கோயில் மேட்டில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். அவளுக்கு இணைய வேலை எதுவும் கொடுக்கவில்லை. ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் சட்டச் சேவைக்குக் கட்டுப்பாடுகளோடு அனுமதி கிடைத்ததும், ஆபீசுக்கு வந்து தபால் பார்ப்பது, அசல் பத்திரங்களைத் தேடி எடுப்பது, பதிவுத் தபால் அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பானது. நல்ல லைன் உள்ளவர்கள் இ-ஃபைலிங், அதாவது நீதிமன்றப் பத்திரங்களை இணையத்தில் தாக்கல் செய்வது, பார்த்தோம். சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுபோலவே வந்தது. தொலைபேசி நிறுவனங்கள் அந்த ஏப்ரலில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை தினம் ஒரு ஜிபி இலவசமாகக் கொடுத்தன. அது போதாதபோது மிஸ் தன் காசில் டாப்-அப் போட்டார். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், கிராணியின் சொந்தப் போனிலும் சொந்த டேட்டாவிலும் ஆபீசையே ஓட்டிவிட்டு அதை ஒத்துழைப்பு என்று சொன்ன இடங்களில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

கோப்புகள் வீட்டுக்குப் போவதுதான் மிஸ்ஸை அதிகம் கவலைப்பட வைத்தது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறது. 127ஆம் பிரிவு அந்தக் கட்டுப்பாட்டை மொழிபெயர்ப்பாளருக்கும் வழக்கறிஞரின் கிராணிக்கும் விரிக்கிறது. நான் சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய ஆள் இல்லை, ஆனால் அந்தப் பிரிவு என்னைப் பற்றிப் பேசுகிறது என்பது எனக்குத் தெரியும். மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கு வைத்திருப்பார்களே, 555 புத்தகம், அதில் ஒன்று வாங்கி ஆபீஸ் கதவருகே கட்டித் தொங்கவிட்டோம். எந்தக் கோப்பு, யார் எடுத்தது, எப்போது, எப்போது திரும்பியது. கையெழுத்து. வீட்டில் கோப்பைப் பூட்டி வைக்க வேண்டும். அதைப் படம் எடுத்துச் சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. வேலைக்கு ஆபீஸ் சிம் தனி. இவ்வளவுதான் எங்கள் தரவுப் பாதுகாப்புக் கொள்கை. ஒரு கோப்புகூடத் தொலையவில்லை.

ஆனால் கோப்பைப் பூட்டலாம், குரலைப் பூட்ட முடியாது. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாத இடங்கள் இன்னும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கும். அங்கே இருக்கும் ஒரு பெண் போனில் தன் குடும்ப வழக்கைப் பற்றி என்ன பேச முடியும்? கணவன் வேலைக்குப் போன பிறகு எங்கள் ஆபீசுக்கு பஸ் ஏறி வந்து அழுதுவிட்டுப் போகிற பெண்களுக்கு, பி.கே.பி. வந்ததும் அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது. கணவன் முழுநேரமும் வீட்டில்.

அப்படி ஒருவரிடம் பேசுவதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் போன் செய்து, "அக்கா, சமையல் ஆச்சா?" என்று கேட்பேன். "ஆச்சும்மா" என்றால் பேசலாம். "இன்னும் இல்லை" என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறார், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படியான கேள்விகளைக் கேட்க வேண்டும். அடி விழுந்ததா? பிள்ளைகள் பத்திரமா? இன்று இரவு பயமாக இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ஒரு நாள் அவர் "ஆமா, ரெண்டு கிலோ போதும்" என்றார். நான் சமூகநல அதிகாரிக்கு அழைத்தேன். 2018 முதல் சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், அது 7 நாள் செல்லும், நீதிமன்றம் திறந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தாலியான் காசே என்கிற அரசு உதவித் தொலைபேசியின் எண் 15999. இதையெல்லாம் அந்த அக்காவுக்கு யாரோ ஒருவர் அவர் மொழியில் முன்பே சொல்லி வைத்திருந்தார் என்பதால்தான் அன்று வேலை நடந்தது. நெருக்கடி வந்த பிறகு சொல்லிக் கொடுக்க நேரம் இருக்காது.

கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2006ஆம் ஆண்டு மின் வணிகச் சட்டம் மின்னணுக் கையெழுத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதன் அட்டவணையில் சிலவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறது: பவர் ஆஃப் அட்டர்னி, உயில், அறக்கட்டளைப் பத்திரம், மாற்றுச் சீட்டு. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் சொல்கிறது. நிலம் மாற்றும் படிவத்தில் மையில் கையெழுத்து, அதற்குச் சாட்சிக் கையெழுத்து. அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம் என்றால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆக, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிகம் தேவைப்படுகிற பத்திரங்கள்தான் இணையத்தில் நுழைய முடியாத பத்திரங்கள். கோடிக்கணக்கான ரிங்கிட்டுக்கு இரண்டு கம்பெனிகள் செய்கிற ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் முடித்துவிடலாம். செத்துப்போன கணவன் பெயரில் இருக்கிற மலிவு வீட்டை மாற்ற ஒரு பாட்டி நேரில் வந்தாக வேண்டும்.

அந்தப் பாட்டியின் அஃபிடவிட் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர். அப்படிப்பட்டவர்கள் கொடுக்கும் அஃபிடவிட்டை ஆணையர் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும், அவருக்குப் புரிந்தது என்று ஆணையர் எழுதிச் சான்று தர வேண்டும். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் அது இருக்கிறது. ஆணையர் தன் ஆபீஸ் வாசலில் மேசையைக் குறுக்கே போட்டு, நடுவில் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார். நான் முகக்கவசத்தோடு மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று சத்தமாகப் படித்தேன். தெருவில் போகிறவர்கள் காதில் விழாதபடி மெதுவாகப் படித்தால் பாட்டிக்குக் கேட்கவில்லை. கடைசியில் கைநாட்டு. ஐம்பது வருடம் பால் வெட்டிய விரல், ரேகை ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. வாசலில் கிருமிநாசினி, மேசையில் மறுபடி கிருமிநாசினி. தோல் வறண்டு, மை ஒட்டாமல் திட்டுத் திட்டாக வந்தது. ஆணையர் தாளை மாற்றச் சொன்னார். மறுபடியும் அதே கதை. பிறகு பாட்டி தானே பையிலிருந்து தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்து, விரலில் ஒரு சொட்டுத் தடவி, சேலையில் துடைத்துவிட்டு, "இப்ப வைங்க ஐயா" என்றார். ரேகை தெரிந்தது.

மிஸ் அன்று அவரை வீட்டிலிருந்து தன் காரில் அழைத்து வந்திருந்தார். முதலாளி வருவாரா, கிராணியை அனுப்புவாரா, இல்லை "டாக்சி பிடிச்சு வாங்க பாட்டி" என்று சொல்லிவிடுவாரா என்பதில்தான் நான் முன்னால் சொன்ன அந்தத் தூரம் இருக்கிறது.

காலக்கெடு இன்னொரு பயம். வேலையை விட்டு நியாயமின்றி நிறுத்தப்பட்டவர், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் போச்சு. 2020 பிப்ரவரி கடைசியில் நிறுத்தப்பட்ட ஒருவர் எங்களிடம் இருந்தார், செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். அவருடைய 60 நாள் பி.கே.பி.க்கு நடுவில் முடிகிறது. ஈப்போவில் தொழிலுறவு இலாகா மூடியிருக்கிறது. கோவிட் தற்காலிக நடவடிக்கைச் சட்டம், அதாவது 829ஆம் எண் சட்டம், மார்ச் 18 முதல் ஜூன் 9 வரையிலான நாள்களை அந்த 60 நாள் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சொன்னது. நல்ல விதி. ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபர் 23. ஏப்ரலில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அக்டோபரில் என்ன வரும் என்று எப்படித் தெரியும்? நாங்கள் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, தபால் ரசீதைக் கோப்பில் ஒட்டி வைத்தோம். தபால் நிலையம் திறந்திருந்தது. எங்களால் நம்ப முடிந்தது அது ஒன்றுதான். லாயரே இல்லாமல் தனியாக இருந்த தொழிலாளர்கள் "எல்லாம் மூடியிருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டிருப்பார்கள். அவர்களைப் பாதுகாக்கிற விதி ஏழு மாதம் பிந்தி வந்தது, அதுவும் ஆங்கிலத்திலும் மலாயிலும். அடுத்த முறை காலக்கெடுவை நிறுத்தும் விதி, ஊரை மூடுகிற அதே நாளில் வர வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

வீடு விற்பனைக் கோப்புகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் வட்டியோடு இன்னொரு மாதம் என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம், த்ரீ பிளஸ் ஒன் என்போம். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும் சாதாரண வீட்டுக்கு 829ஆம் சட்டத்தின் ஒப்பந்தப் பட்டியலில் இடமில்லை. இரண்டு பக்க லாயர்களும் பேசி, பி.கே.பி. நாள்களைக் கழித்துவிடலாம் என்று கடிதம் எழுதிக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் மனிதர்களாக நடந்துகொண்டார்கள்.

நீதிமன்றத்தில் வந்த மாற்றங்களில் நல்லது நிறைய உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2020 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இணையத்தில் விசாரணை நடத்தி அதை நேரலையாகவும் காட்டியது. டிசம்பர் 15 முதல் நீதிமன்ற விதிகளில் 33ஏ என்ற புதிய ஆணை சேர்ந்தது, இணைய வழி விசாரணைக்கு முறையான இடம் கிடைத்தது. முன்பெல்லாம் தேதி குறிக்கிற ஐந்து நிமிட வேலைக்கு மிஸ் விடியற்காலையில் கிளம்பி ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ ஓடுவார். அந்த எண்ணெய்க் காசும் அரை நாளும் கட்சிக்காரர் தலையில்தான் விழும். இ-ரிவியூ என்கிற நீதிமன்ற இணைய முறையில் அதே வேலை மேசையிலிருந்தே முடிகிறது. கட்டணத்தில் அந்தப் பகுதியை மிஸ் குறைத்துவிட்டார். எல்லா ஆபீசும் குறைத்ததா என்பது அவரவர் பில்லைப் பார்த்தால் தெரியும்.

ஆனால் சாட்சி சொல்வது வேறு. 2021 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் மறுபடி மூடப்பட்டது. பசியில் இருந்த வீடுகள் உதவி கேட்டு வெள்ளைக்கொடி கட்டிய காலம் அது. அப்போது ஒரு விபத்து வழக்கில் எங்கள் கட்சிக்காரர் இணையத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அறையில் தனியாக இருக்க வேண்டும், யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். சரியான விதிகள்தான். அவருடைய வீட்டில் இருப்பது ஓர் அறையும் ஒரு கூடமும். குடும்பமே வாசலில் உட்கார்ந்தது. கேள்வி மலாயில் வருகிறது, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்கிறார், குரல் பாதியில் அறுகிறது. அவர் "என்னங்க?" என்று கேட்டால், பதில் சொல்லத் தயங்குகிறார் என்பதுபோல் திரையில் தெரிகிறது. எதிர்த்தரப்பு லாயர் கேள்வியைத் திரும்பக் கேட்டபோது தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒன்றும் கேட்கவில்லை. நீதிபதி பொறுமையாக இருந்து வேறு தேதி கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மிஸ் ஆபீசின் பின்னறையிலிருந்த பழைய கோப்புகளை இறக்கச் சொன்னார். கதவுக்கு ரப்பர் பட்டை, ஒரு திரை, கம்பி இணைப்பில் இணையம், மேசை, மின்விசிறி. சாட்சி சொல்ல வேண்டியவர் நீதிமன்ற அனுமதியோடு அங்கே வந்து தனியாக உட்காரலாம். கேமரா அறை முழுவதையும் காட்டும், அதனால் எதிர்த்தரப்பும் ஆட்சேபிக்கவில்லை. அடுத்த தேதியில் அதே மனிதர் அங்கே உட்கார்ந்து, விபத்து நடந்த வளைவு, எந்தப் பக்கம் விளக்கு எரியவில்லை, லாரி எப்படித் திரும்பியது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவ்வளவு பேசத் தெரிந்த ஆள் என்று முதல் தேதியில் யாருக்கும் தெரிந்திருக்காது.

2021 கடைசியில் 3ஜி நிறுத்தப்பட்டதும் பழைய போன் வைத்திருந்த பெரியவர்கள் சிலரை எங்களால் உடனே பிடிக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் இப்போது நான்கு கேள்விகள் உண்டு: எந்த மொழியில் பேச வேண்டும், வீட்டில் லைன் உண்டா, எப்போது தனியாகப் பேசலாம், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் யாரைக் கேட்பது. புதுக் கட்சிக்காரர் வந்தால் அடையாள கார்டு எண்ணுக்கு அடுத்து நான் கேட்பது இவற்றைத்தான். மின் வணிகச் சட்டத்தின் அந்த அட்டவணையைத் திருத்துவது பெரியவர்கள் வேலை. கைநாட்டுக்கும் சாட்சிக்கும் ஏமாற்று நடக்காதபடி ஒரு மாற்று வழி செய்வதும் அவர்கள் வேலை. அதுவரைக்கும் ஒவ்வொரு சின்னப் பட்டணத்து நீதிமன்றத்திலும் எங்கள் பின்னறை மாதிரி ஓர் அறையும் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருந்தால் போதும். தோட்டத்திலிருந்து வருகிறவர் ஈப்போவுக்கு அலைய வேண்டாம், கோயில் மேட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.